கூலிப்படையும் கணக்கேடும்: ‘பற்றில்ரெக்’ ஆட்டமும் கொழும்பின் படை வரலாறும் பற்றிய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

விளையாட்டு ஆய்வுக்குரிய பொருளாகுமா என்னும் ஐயம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. கூத்தும் நாட்டார் பாடலும் விடுகதையும் ஒரு காலத்திற் படித்தோரின் கவனத்துக்கு அப்பாற்பட்டனவாகவே இருந்தன. அவற்றைச் சமூக வரலாற்றின் சான்றுகளாக நோக்கும் பார்வை தோன்றிய பின்னரே அவை பல்கலைக்கழகங்களின் வாயிலைக் கடந்தன. பலகையில் ஆடும் ஆட்டங்களும் இன்று கணினித் திரையில் ஆடும் ஆட்டங்களும் அத்தகைய பார்வையை வேண்டி நிற்பனவாகும். ஒரு சமுதாயம் போரை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்பதற்கு அதன் காவியங்கள் மாத்திரமன்றி அதன் ஆட்டங்களும் சான்று பகர்வன.

சதுரங்கம் என்னும் பெயரே தேர், யானை, குதிரை, காலாள் எனும் நால்வகைப் படையைக் குறிப்பது. வட இந்தியாவில் ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டளவில் உருப்பெற்றதாகக் கருதப்படும் அவ்வாட்டம் பாரசீகம், அரபுலகம் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. அதில் இரு தரப்பினரும் முறைவைத்துக் காய் நகர்த்துவர். அரசன் சிறைப்பட்டால் ஆட்டம் முடியும். ஆனால் காலாளுக்கு ஊதியம் கொடுத்தவர் யார், யானைக்குத் தீனி எங்கிருந்து வந்தது, வெட்டுண்ட காய்க்கு ஈடாக அடுத்த ஆட்டத்திற்கு எவர் வருவார் என்னும் வினாக்கள் சதுரங்கப் பலகையில் எழுவதில்லை. அங்கு படை என்றும் முழுமையாக, கூலி கேளாமல், அணிவகுத்து நிற்கிறது.

இவ்வினாக்களையே மையமாகக் கொண்டமைந்த ஓர் ஆட்டம் ‘பற்றில்ரெக்’. விண்வெளியிலே கூலிப்படைக் குழு ஒன்றினை நடத்துவதே இதில் ஆடுபவரின் தொழில். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கணினி விளையாட்டுகளில் ஈடுபடும் தமிழ் இளைஞருக்கு இவ்வகை ஆட்டங்கள் புதியனவல்ல. அவர்கள் ஆடும் இக்கற்பனைக்கும் அவர்கள் வாழும் நகரின் வரலாற்றுக்கும் இடையே உள்ள தொடர்பு மிக நெருக்கமானது. அத்தொடர்பினை விளக்குவதும், அவ்வாட்டம் எதனை வெளிப்படுத்துகிறது, எதனை மறைக்கிறது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆட்டத்தின் தோற்றமும் அமைப்பும்

ஐரோப்பாவிற் சதுரங்கம் படைத்துறைப் பயிற்சிக்குரிய கருவியாக மாறிய வரலாறு தனியே கூறத்தக்கது. 1824ஆம் ஆண்டளவிற் பிரசியப் படை அதிகாரியாகிய றைஸ்விற்ஸ் என்பவர் நிலப்படம், பகடை, நடுவர் ஆகியவற்றைக் கொண்ட போராட்டம் ஒன்றை அதிகாரிகளின் பயிற்சிக்காக வகுத்தார். களத்தில் எதிர்பாராதன நிகழும் என்பதை உணர்த்தவே பகடை சேர்க்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் இவ்வகை ஆட்டங்கள் வணிகப் பொருள்களாயின. அறுகோணக் கட்டங்களால் நிரப்பப்பட்ட நிலப்படம் அவற்றின் பொது அடையாளமாயிற்று.

இம்மரபின் வழிவந்ததே பற்றில்ரெக். ஜோர்டன் வைஸ்மன், ரொஸ் பப்கொக் ஆகிய இருவர் சிக்காகோ நகரில் நிறுவிய பாசா என்னும் நிறுவனம் 1984இல் இதனை வேறொரு பெயரில் வெளியிட்டது. அப்பெயரில் இடம்பெற்ற ஒரு சொல்லுக்குத் திரைப்பட நிறுவனமொன்று உரிமை கோரியதால் அடுத்த ஆண்டிலேயே இன்றைய பெயர் இடப்பட்டது. யப்பானிய அசைபடங்களில் வந்த மனித வடிவப் பேரியந்திரங்களின் செல்வாக்கு இதில் வெளிப்படையாகவே உண்டு. ‘மெக்’ எனப்படும் இவ்வியந்திரங்கள் 20 தொன் முதல் 100 தொன் வரை நிறையுடையன. ஒவ்வொன்றையும் உள்ளிருந்து ஒரு வீரர் இயக்குவார்.

மேசையில் ஆடும் மூல ஆட்டத்தில் ஒவ்வொரு தாக்குதலும் இரண்டு பகடைகளாலே தீர்மானிக்கப்படும். எடுத்துக்காட்டாக, ஒரு வீரரின் சுடுதிறன் எண் 4 எனக் கொள்வோம். இலக்கு நடுத்தரத் தொலைவில் இருப்பின் 2 கூட்டப்படும். இலக்கு ஐந்து அல்லது ஆறு கட்டங்கள் நகர்ந்திருப்பின் மேலும் 2 கூட்டப்படும். ஆகவே அவர் 8 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணை எறிதல் வேண்டும். இரு பகடைகளின் 36 சேர்க்கைகளில் 15 மாத்திரமே இதற்கு இயைவன. வாய்ப்பு ஏறத்தாழ 42 விழுக்காடு. இலக்கு சிறு காட்டினுள் மறைந்தால் மேலும் 1 கூடும். அப்பொழுது வாய்ப்பு 36இல் 10 ஆக, ஏறத்தாழ 28 விழுக்காடாகக் குறையும். நிலமும் நகர்வும் தொலைவும் வீரத்தைவிட வலியன என்பதை ஆடுபவர் எண்கணிதத்தாலேயே கற்றுக்கொள்கிறார்.

வைஸ்மன் பின்னர் பங்கேற்று நிறுவிய ஹெயர்பிறெயின்ட் ஸ்கீம்ஸ் நிறுவனம் இதனைக் கணினி ஆட்டமாக ஆக்கிற்று. 2015இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் முறையால் 27 இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட தொகை சேர்க்கப்பட்டது. பரடொக்ஸ் நிறுவனத்தின் வெளியீடாக 2018 ஏப்பிரலில் ஆட்டம் வந்தது. இதில் ஆடுபவர் ஒரு வேளையில் நான்கு மெக்குகளை நடத்துவார். ஒவ்வொரு சுற்றும் ஐந்து கட்டங்களாகப் பிரியும். இலகுவான இயந்திரங்கள் முந்தியும் கனமானவை பிந்தியும் இயங்கும். விரும்பினால் ஒருவர் தம் முறையைப் பிற்போட்டு எதிரியின் நகர்வைப் பார்த்தபின் செயற்படலாம். எல்லா ஆயுதங்களையும் ஒருங்கே ஏவினால் இயந்திரம் வெப்பமுற்றுச் செயலிழக்கும். ஆகவே வல்லமை இருந்தும் அடக்கி ஆளுதலே திறமையாகிறது.

3. களத்திற்கு வெளியே நடைபெறும் ஆட்டம்

இதுவரை கூறியவை சதுரங்க மரபின் விரிவு என்றே கொள்ளத்தக்கன. பற்றில்ரெக்கின் தனித்தன்மை களத்திற்கு வெளியிலேயே உள்ளது.

ஆடுபவர் ஒரு தளபதி மாத்திரமல்லர்; ஒரு முதலாளியுமாவார். மாதந்தோறும் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தல் வேண்டும். இயந்திரங்களைப் பேணுதல் வேண்டும். மரக்கலத்தின் இடத்தைப் பெற்றுவிட்ட விண்கலத்தின் செலவினையும் ஈடுசெய்தல் வேண்டும். செலவினைச் சுருக்கினால் வீரரின் ஊக்கம் குன்றும். தாராளமாகச் செலவிட்டால் ஊக்கம் பெருகும், கையிருப்புக் கரையும். மாத இறுதியிற் கையிருப்பு இல்லாது போனால் ஆட்டம் முடிந்துவிடும். களத்தில் ஒருமுறையும் தோற்காத தளபதி சம்பள நாளன்று தோற்றுப்போவது இங்கு இயல்பான நிகழ்ச்சி.

ஒப்பந்தம் பேசும் முறையும் நோக்கற்பாலது. பணியை ஏற்குமுன் பணமாக எவ்வளவு, களத்தில் எஞ்சும் உடைந்த பொருள்களில் எவ்வளவு பங்கு என்பதை ஆடுபவர் தீர்மானித்துக் கொள்வார். ஒன்றைக் கூட்டினால் மற்றையது குறையும். இரண்டையும் குறைத்துக் கொண்டால் பணி தந்தவரிடம் நற்பெயர் வளரும். கைப்பற்றிய உறுப்புகளை இணைத்தே புதிய இயந்திரங்களை ஆக்க முடியுமாதலால், எதிரியை முற்றாக அழிப்பதிலும் அவன் இயந்திரத்தைக் கெடாமல் வீழ்த்துவதே இலாபமாகிறது. அழிவின் அளவையும் தீர்மானிப்பது வணிகக் கணக்கே.

தமிழ்ப் படிப்பாளிக்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வருதல் இயல்பு. தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகப் ‘பாதீடு’ என்பதைக் கூறுகிறது. கவர்ந்து வந்த ஆநிரையை வீரர் தமக்குள் பகிர்ந்துகொள்வதே பாதீடு. அதனை அடுத்து உண்டாட்டும் கொடையும் வருகின்றன. கவர்தல், பகிர்தல், உண்ணுதல், வழங்குதல் என்னும் இவ்வரிசை வீரயுகத்தின் பொருளாதாரத்தையே காட்டுகிறது. இதே சொல் இலங்கைத் தமிழில் இன்று அரசின் வரவு செலவுத் திட்டத்தைக் குறிக்க வழங்குகின்றமை கவனிக்கத்தக்கது. கொள்ளையைப் பங்கிடுதலும் நாட்டின் நிதியைப் பங்கிடுதலும் ஒரே சொல்லின் இரு முனைகளாய் அமைந்தன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வெட்சி மறவன் பங்கு பெறுபவன். பற்றில்ரெக்கின் வீரன் சம்பளம் பெறுபவன். பங்கு முழுவதும் நிறுவனத்துக்கே உரியது. இனக்குழுச் சமூகத்திலிருந்து கூலியுழைப்புக்கு நிகழ்ந்த மாற்றம் இவ்வேறுபாட்டினுள் அடங்கியுள்ளது.

4. முப்பத்தோராம் நூற்றாண்டின் நிலமானியம்

ஆட்டத்தின் கதை 3025ஆம் ஆண்டில் நிகழ்கிறது. மனிதர் எண்ணற்ற உலகங்களிற் குடியேறியுள்ளனர். ஆனால் அவர்களை ஆள்வோர் பிரபுக்களும் அரச குடும்பங்களுமே. டேவியன், குறிற்றா, லியாவ், மரிக், ஸ்ரைனர் என்னும் ஐந்து பெருங்குடிகள் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளாக அரியணை உரிமைக்காகப் பொருதுகின்றன. அப்போர்களால் தொழிற்சாலைகளும் அறிவும் அழிந்துபோயின. பழைய இயந்திரங்களைத் திருத்திப் பயன்படுத்த இயலுமேயன்றி அவற்றிற் பலவற்றைப் புதிதாக ஆக்க இயலாது. எனவே மெக் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் குடும்பச் சொத்தாகிவிட்டது. தன் இயந்திரத்தை இழந்த வீரர் ‘உடைமையற்றவர்’ என்றே அழைக்கப்படுவர்.

விண்மீன்களுக்கிடையே பயணஞ் செய்யும் மனிதர் ஏன் நிலமானிய உறவுகளுக்குள் வைத்துக் கற்பனை செய்யப்பட்டனர்? சாகசக் கதைக்கு அரசரும் இளவரசியரும் வசதியானவர்கள் என்பது ஒரு விடை. அதனினும் ஆழமான விடை ஒன்றுண்டு. அறிவியல் வளர்ச்சி தானாகவே மனித விடுதலையைக் கொண்டுவரும் என்னும் நம்பிக்கை 1980களின் மேற்குலகிற் பெரிதும் தளர்ந்திருந்தது. அணுவாயுதப் போட்டி மீண்டும் உச்சமடைந்த காலம் அது. உற்பத்திச் சக்திகள் எவ்வளவு வளர்ந்தாலும் உற்பத்தி உறவுகள் பின்தங்கியனவாக இருக்கலாம் என்பதையும், போர் அச்சக்திகளையே அழித்துவிடலாம் என்பதையும் இக்கற்பனை உணர்த்துகிறது. கருவியை உடையவன் பிரபு. கருவியை இழந்தவன் உடைமையற்றவன். கருவியும் கையும் விலைக்கு விடப்படும்போது கூலிப்படை தோன்றுகிறது. இவ்வளவில் ஆட்டத்தின் பார்வை கூர்மையானதே.

5. கொழும்பு: 1795 – 1796

கூலிப்படையின் ஒப்பந்தத்தால் ஒரு நகரின் ஆட்சி கைமாறுவது கற்பனையில் மாத்திரம் நிகழ்வதன்று. கொழும்பு அவ்வாறே கைமாறிய நகரமாகும்.

டி மியூரன் படையணி என்பது நியூசாத்தல் பகுதியைச் சேர்ந்த சார்ல்ஸ் டானியல் டி மியூரன் பிரபு 1781இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காகத் திரட்டிய சுவிற்சர்லாந்துப் படை. அது முதலில் நன்னம்பிக்கை முனையிலும் 1780களின் பிற்பகுதியிலிருந்து இலங்கையிலும் பணிபுரிந்தது. அக்கால ஐரோப்பிய வழக்கப்படி அப்படையணி அதன் நிறுவுநருக்கு உரிய சொத்து. வீரர் அவருக்குப் பணிபுரிந்தனர். அவர் கம்பனிக்குப் படையை வாடகைக்கு விட்டார் என்றால் மிகையாகாது.

1795இன் தொடக்கத்திற் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றின. இலங்கைத் துறைமுகங்கள் பிரான்சின் வசமாகிவிடும் என அஞ்சிய பிரித்தானியர், படையனுப்பியதோடு வேறொரு வழியையும் நாடினர். சென்ற் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ஹியூ கிளெக்கோண் நியூசாத்தலுக்கு அனுப்பப்பட்டார். 1795 மார்ச் 30ஆம் திகதி அவருக்கும் டி மியூரனுக்கும் இடையே ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. படையணி பிரித்தானிய சேவைக்கு மாறுவதென முடிவாயிற்று. கல்விமான் ஒருவர் ஒரு படையை விலைபேசி வாங்கிய இந்நிகழ்ச்சி பல்கலைக்கழகத்தினர் சிந்திப்பதற்குரியது.

கொழும்பிலே காவல் நின்ற சுவிற்சர்லாந்து வீரருக்கோ தாம் கைமாறிவிட்டமை அப்பொழுது தெரியாது. கிளெக்கோணும் டி மியூரனும் எகிப்து வழியாக இந்தியாவை வந்தடைந்த பின்னரே செய்தி எட்டியது. இதற்கிடையில் திருகோணமலை ஓகஸ்டிலும் யாழ்ப்பாணம் செப்தெம்பரிலும் வீழ்ந்தன. கொழும்பில் அப்படையைத் தலைமை தாங்கியவர் டி மியூரனின் சகோதரர் பியர் பிரெடெறிக். ஆளுநர் வன் அங்கல்பெக் 1795இன் இறுதி மாதங்களில் சுவிற்சர்லாந்து வீரரைப் பிரிய விட நேர்ந்தது. நகரின் காவல் பெரிதும் மெலிந்தது.

1796 பெப்ரவரியில் கேணல் ஸ்ருவாட்டின் படை நீர்கொழும்பிலிருந்து தெற்கே நடந்து களனியாற்றைக் கடந்தது. பாலத்துறைப் பக்கமாக அதனை எதிர்த்து நின்றோருட் குறிப்பிடத்தக்கவர் ஒல்லாந்தரின் மலாய் வீரர். சாவகத்திலிருந்தும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டுச் சேவையில் அமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய எதிர்ப்பு முறியடிக்கப்பட்டது. கோட்டையிலிருந்து பெரும்போர் எதுவும் நிகழவில்லை. பெப்ரவரி 15இல் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. மறுநாள் பிரித்தானியர் கோட்டையுட் புகுந்தனர். கொட்டாஞ்சேனைக்கு அருகே, குன்றின்மீது 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதனை எழுப்பிய ஆட்சி, பீரங்கியிலும் பார்க்கப் பேரத்தாலேயே தளர்ந்தது.

இதன் பின்னிகழ்ச்சிகளும் பொருளுடையன. பியர் பிரெடெறிக் டி மியூரன் 1797இல் பிரித்தானிய இலங்கையின் படைத்துறை ஆளுநரானார். படையணி 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிராகச் சீரங்கப்பட்டண முற்றுகையிற் பங்குகொண்டது. பின்னர் கனடாவுக்கு அனுப்பப்பட்டு 1816இற் கலைக்கப்பட்டது. மலாய் வீரரும் பிரித்தானிய சேவையிற் சேர்க்கப்பட்டனர். நிறுவனம் மாறிற்று, கொடி மாறிற்று, தொழில் மாறவில்லை.

இத்தீவின் முந்திய வரலாறும் இதற்கு இணையான சான்றுகளைத் தருகிறது. 982இல் அரியணையேறிய ஐந்தாம் மகிந்தனின் வீழ்ச்சியைச் சூளவம்சம் விவரிக்கிறது. குடிகள் இறை செலுத்தாமையால் அரசனாற் படையினருக்கு ஊதியங் கொடுக்க முடியவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிப்படையினர் அரண்மனையை வளைத்துக்கொள்ள, அரசன் உரோகணத்துக்குத் தப்பியோடினான். இந்நிலையிலேயே 993 அளவிற் சோழர் படையெடுப்பு நிகழ்ந்தது. அநுராதபுர அரசின் முடிவைச் சோழரின் வலிமையால் மாத்திரம் விளக்குவோர் இச்சம்பள நிலுவையை மறந்துவிடுகின்றனர். பொலனறுவையில் முதலாம் விசயபாகு சோழருக்கெதிராகப் படைநடத்த முற்பட்டபோது வேளைக்காரப் படையினர் கிளர்ந்தெழுந்து தளபதியர் இருவரைக் கொன்றனர், அரண்மனையையும் எரித்தனர். அதே வேளைக்காரர் பின்னர் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக உறுதிபூண்டு தமிழிற் பொறித்த சாசனம் பொலனறுவையிற் கிடைத்துள்ளது. தமிழ்பேசும் படையினர் சிங்கள அரசரின் பௌத்தக் கோயிலுக்குக் காவலராயினர் என்னும் இச்செய்தி, வரலாற்றை இரு இனங்களின் இடையறாப் போராகக் காணும் நோக்குக்கு இடந்தரவில்லை.

பற்றில்ரெக் ஆடும் இளைஞர் ஒருவர் மாத இறுதியில் தம் கையிருப்பைப் பார்த்து அஞ்சும்போது, ஐந்தாம் மகிந்தன் எதிர்கொண்ட சிக்கலையே சிறிய அளவில் எதிர்கொள்கிறார் எனலாம்.

6. ஆட்டம் மறைப்பவை

போரின் கூலியை வெளிப்படுத்தும் இவ்வாட்டம் இரண்டு உண்மைகளை மறைத்துவிடுகிறது.

முதலாவது, வீரரின் இசைவு. ஆட்டத்தில் ஒப்பந்தம் பேசுபவர் ஆடுபவரே. அவருடைய வீரர் எந்த உலகுக்கும் எந்தத் தரப்புக்காகவும் மறுப்பின்றிச் செல்வர். ஊக்கம் குறையும், ஆனால் வேளைக்காரரைப் போல அவர்கள் ஒருநாளும் ‘போகோம்’ என்று கூறுவதில்லை. நியூசாத்தலில் ஒப்பமிட்ட ஒப்பந்தம் கொழும்பில் நின்ற காவலாளை அறியாமலே அவனை விற்றது போல, இங்கும் வீரன் கணக்கேட்டின் ஒரு வரியாகவே இருக்கிறான். அடிபட்ட இயந்திரத்தை மீட்பதா, அடிபட்ட மனிதனை மீட்பதா என்னும் தெரிவு நேரும்போது இயந்திரத்தின் விலை அதிகம் என்பதை ஆடுபவர் விரைவில் உணர்ந்துகொள்வார். இறந்தவனுக்குப் பதிலாக இன்னொருவனைக் கூலிக்கு அமர்த்தலாம். 100 தொன் இயந்திரம் எளிதிற் கிடைப்பதன்று.

இரண்டாவது, களத்தில் வாழும் மக்கள். ஆட்டத்தின் கதை இவர்களை மறந்துவிட்டது எனல் நியாயமாகாது. ஆட்சியைக் கைப்பற்றிய கொடுங்கோலன், பதவியிழந்த இளவரசி, விடுவிக்கப்படும் கைதிகள் எனக் கதையில் ஒடுக்குமுறை பேசப்படுகிறது. ஆயின் கதை கூறுவது ஒன்று. விதி கற்பிப்பது இன்னொன்று. 2019இல் வெளிவந்த இணைப்பு ஒன்று போரை நகரத் தெருக்களுக்குள் கொண்டுவந்தது. அங்கு கட்டடங்கள் மறைவிடமாகவும் இடியும் பொருளாகவும் உள்ளன. அவற்றில் வாழ்ந்தோர் எங்குச் சென்றனர் என்பதற்கு மாதக் கணக்கில் வரி இல்லை. 1983 யூலையில் வீடுகளும் கடைகளும் எரியக் கண்ட வெள்ளவத்தையில் இதனை ஆடுபவருக்கு இவ்விடுபாடு சிறியதாகத் தோன்றாது. போரின் மிகப் பெரிய செலவு ஒப்பந்தத்தில் ஒப்பமிடாதவர்மீதே விழுகிறது. இவ்வுண்மைக்கு இடமளிக்காத எந்தக் கணக்கும் முழுக் கணக்கன்று.

இவ்விரு மறைப்புகளும் வெறும் அழகியல் வினாக்களல்ல; நம் காலத்து நடப்புடன் தொடர்புடையன. மேசை ஆட்டம் வெளிவந்த 1984இலேயே, பிரித்தானியச் சிறப்புப் படையின் முன்னாள் வீரர்கள் நடத்திய கே. எம். எஸ். என்னும் தனியார் நிறுவனம் இலங்கை அரசுடன் ஒப்பந்தம் செய்து விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கியது. 1988 நவம்பர் 3ஆம் திகதி மாலைதீவின் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற அப்துல்லா லுத்துபி என்னும் வணிகருக்காகத் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தோர் மாலேயில் இறங்கினர். விடுதலையின் பெயரால் ஆயுதமேந்திய இயக்கம் ஒன்று பிறிதொருவரின் அதிகாரப் போட்டிக்குப் படையாக மாறிய அந்நிகழ்ச்சி, இந்தியப் படையின் தலையீட்டால் முறியடிக்கப்பட்டது. அரசு சார்ந்தோர், அரசை எதிர்த்தோர் என்னும் இரு தரப்பிலும் கூலிப்படையின் தருக்கம் ஊடுருவியமைக்கு இவை சான்று. அடுத்த ஆண்டு டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கூலிப்படையினரைத் திரட்டுதல், பயன்படுத்தல், நிதியளித்தல், பயிற்றுதல் ஆகியவற்றுக்கெதிரான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அது நடைமுறைக்கு வந்தது 2001இலேயே.

2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தது. அதன்பின் இலங்கையர், குறிப்பாக முன்னாட் படையினர், உருசியாவுக்கும் உக்ரேனுக்கும் இடையிலான போரிற் சேர்க்கப்படுவது வெளிச்சத்துக்கு வந்தது. நல்ல சம்பளம், போர்முனைக்கு அப்பாற்பட்ட வேலை என்னும் வாக்குறுதிகளால் ஈர்க்கப்பட்டோர் பலர். 2025இன் தொடக்கத்தில் வெளிநாட்டமைச்சர் விஜித ஹேரத் நாடாளுமன்றத்தில் தெரிவித்த தகவலின்படி உருசியப் படையிற் சேர்க்கப்பட்ட இலங்கையர் 554 பேர். அவர்களுள் இறந்தோர் 59 பேர். ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒருவர் மடிந்துள்ளார். ஒரு காலத்திற் சுவிற்சர்லாந்தின் வறிய மலைநாட்டு இளைஞர் இலங்கைக்குக் கூலிப்படையாக வந்தனர். இன்று இலங்கையின் வறிய குடும்பத்து இளைஞர் ஐரோப்பாவின் போர்முனைக்குச் செல்கின்றனர். திசை மாறியுள்ளது. உழைப்பைத் தவிர விற்பதற்கு ஏதுமற்றவன் உயிரையும் சேர்த்து விற்க நேரும் நியதி மாறவில்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இத்தகைய ஆட்டங்களைத் தவிர்க்க வேண்டும் என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. படையெழுச்சியைப் புகழ்ந்து பாடும் எத்தனையோ ஆக்கங்களிலும் பார்க்கப் பற்றில்ரெக் நேர்மையானது. போர் என்பது சம்பளம், பராமரிப்பு, பேரம் ஆகியவற்றால் இயங்கும் தொழில் என்பதை அது மறைக்கவில்லை. வீரமும் மானமும் பற்றிய மயக்கங்களைத் தெளிவிக்கும் ஆற்றல் அதற்குண்டு. ஆயினும் அது முதலாளியின் இருக்கையில் அமர்ந்து எழுதப்பட்ட கணக்கேடு. அவ்வேட்டை வாசிக்கக் கற்றவர், எழுதப்படாத வரிகளையும் வாசிக்கக் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

தமிழ்ச் சங்கங்கள் செய்யத்தக்க பணியும் இதில் உண்டு. இவ்வாட்டம் தமிழில் இல்லை. அதன் விதிகளைத் தமிழில் விளக்க முனைந்தால் வெட்சி, பாதீடு, வேளைக்காரர் போன்ற சொற்கள் தாமாகவே வந்து உதவுகின்றன. பிறமொழிச் சொல்லுக்கு நிகர்ச்சொல் தேடும் முயற்சி என இதனைக் குறுக்கிவிடலாகாது. நம் வரலாற்றையே கொண்டு அவ்வாட்டத்தை மதிப்பிடும் முயற்சியாக அது அமையும். 1796இன் கொழும்பையோ பத்தாம் நூற்றாண்டின் அநுராதபுரத்தையோ களமாகக் கொண்டு, தளபதியின் கணக்கோடு உழவனின் இறையும் காவலாளின் மறுப்பும் நகரத்தாரின் இழப்பும் விதிகளாக அமையும் ஆட்டமொன்றை நம் மாணவர் ஆக்குவார்களாயின், அது வரலாற்று வகுப்புக்கும் துணையாகும். வெளிநாட்டுப் போர்முனைக்கு ஆள் திரட்டுவோர் நீட்டும் ஒப்பந்தத்தை ஒப்பமிடுமுன் ஊன்றி வாசிக்கும் பழக்கத்துக்கும் வழிசெய்யும்.